ஞாயிறு மாலைப் பாரா

வியாழனின் நிலவான கலிஸ்டோவில் காலை இட்லிக்கும் பதினோரு மணிக் காப்பிக்கும் நடுவில் யுத்தம் நடக்கும். அதற்காக யாரும் அவசரப்படுவதில்லை. சட்னி போதவில்லை என்றால் இன்னொரு கரண்டி வாங்கி நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு போனால் போதும். கை ஈரமாக இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் கண்டிப்பான விதி. ஏனென்றால் யுத்தம் கட்டைவிரலால் நடந்தது.

பாய்ந்தது, பதுங்கியது, சுட்டது எல்லாம் துருப்பன்கள் என்ற ஆறுகால் இயந்திரங்கள். எங்கே, எப்போது சுட வேண்டும் என்று கணக்குப் போட்டது வியூகன் என்ற மூளைப்பொறி. மனிதருக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும். ஆனால் மனிதகுலத்துக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டல்லவா? மனிதர் ஒருவர் ஒப்புக்கொள்ளாமல் எந்த இயந்திரமும் சுடக் கூடாது என்று எல்லா அரசுகளும் கூடி, கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தன. எனவே ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு சிப்பாய் கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலை வைக்க வேண்டும். இவர்களுக்கு ஒப்புநர் என்று பெயர். திரையைப் பார்த்து, நன்மை தீமைகளை எடைபோட்டு, பிறகு விரலை வைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவர்கள் யாரும் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. ஒப்புநர்கள் காலையில் வைத்த விரலைக் காப்பி வரும்வரை எடுப்பதில்லை. மற்ற கையால் பல் குத்திக்கொண்டிருப்பார்கள்.

கிழக்குமேட்டுக்கு அப்பால், சனியின் நிலவிலிருந்து வந்த டைட்டன் குடியரசின் படை இருந்தது. அவர்களிடமும் துருப்பன்கள், ஒப்புநர்கள், ஒரு மூளைப்பொறி. இந்தப் பொறி நினைப்பது அந்தப் பொறிக்குத் தெரியும், அந்தப் பொறி நினைப்பது இதற்குத் தெரியும். அதனால் ஒரு தலைமுறையாக எல்லைக்கோடு ஓர் அங்குலம் நகரவில்லை. எதற்காகச் சண்டை என்று கேட்டால் பனிக்கட்டிக்காக என்பார்கள். கலிஸ்டோவில் பனிக்கட்டிக்குப் பஞ்சமே கிடையாது. அதைத் தவிர வேறெதுவும் இல்லாததால் சண்டைக்கு அதுதான் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் இரு தரப்பிலும் ஒருவர்கூடச் சாகவில்லை. மெஸ்ஸில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த ஒருவருக்கு வீரப்பதக்கம் கொடுத்தார்கள், பதக்கம் சும்மா கிடந்ததால்.

ஹவில்தார் பவுன்ராஜுக்கு ஒரு கவலை இருந்தது. யுத்தத்தைப் பற்றி அல்ல, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அவரும் இன்னும் மூன்று பேரும் ‘பெருவழி’ என்றொரு மேசை விளையாட்டு ஆடிவந்தார்கள். அட்டைப் பலகையை விரித்து, தாயக்கட்டை உருட்டி, கதை பேசிக்கொண்டே ஆடுவது. மேற்குக் கடற்கரையில் மிளகு மூட்டைகளைக் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு ஒரு வணிகக் கூட்டம் கிளம்பும். காடு, கொள்ளையர், சுங்கச்சாவடி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் தாண்டிக் கிழக்குக் கடற்கரைத் துறைமுகம் போய்ச் சேர வேண்டும். திரை கிடையாது, மூளைப்பொறி கிடையாது. வழியில் என்ன நேர்கிறது என்று சொல்பவருக்கு நடத்துநர் என்று பெயர். எல்லாரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். துருப்பன்களைப் பழுதுபார்க்கும் லான்ஸ் நாயக் செல்லக்கிளி கண்டக்டர். படை மருத்துவர் கேப்டன் மெர்சி, ஆட்டத்தில் கொள்ளைக்காரியாக இருந்து மனம் திருந்திக் கூட்டத்துக்குக் காவல் வந்தவள், பாதிதான் திருந்தியிருந்தாள். சமையல்கட்டு நைனா முகம்மது மிளகு வியாபாரி. பவுன்ராஜ் கழுதைக்காரர்.

கழுதைகள் அவர் கைவேலை. பழைய துருப்பன்களில் மிச்சமான ஈயத்தை உருக்கி வார்த்து, மெர்சி கொடுத்த பஞ்சுக்குச்சியால் வர்ணம் தீட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். ஒன்று மாமனார் பெயர், இன்னொன்று மைத்துனர் பெயர்.

மூன்று வருஷமாக ஆடியும் கூட்டம் கணவாயின் அடிவாரத்தை விட்டு நகரவில்லை. கொள்ளையர் காரணம் அல்ல. நாலு பேருக்கும் ஒரே மாலையில் ஓய்வு கிடைத்தால்தான் ஆட முடியும். யாருக்கு எப்போது வேலை என்று வியூகன் எழுதும் பாராப் பட்டியலில் அது கிரகணம் மாதிரி எப்போதாவதுதான் நேர்ந்தது. மெர்சிக்கு ஓய்வென்றால் நைனாவுக்குச் சப்பாத்தி மாவு. நைனா வந்தால் செல்லக்கிளிக்குக் கால் மடங்கிய துருப்பன். “இந்த வாரம் வர்றீங்களா பாய்?” என்று கேட்டால் “பாக்கலாம்” என்பார். பாக்கலாம் என்று சொன்னவர்கள் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த நிலையில்தான் பவுன்ராஜுக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது. அடுத்த சரக்குக் கப்பலில் கிளம்ப வேண்டும். பூமியிலிருந்து கலிஸ்டோவுக்கு ஒரு வார்த்தை வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். அங்கிருந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர்வது நடக்கிற காரியமில்லை. கப்பல் வருவதற்குள் கழுதைகளைத் துறைமுகம் சேர்த்துவிட வேண்டும். இந்த ஒன்றைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

சாத்தூரில் இருந்த மனைவி ராஜகனிக்கு இது தெரியும். பதில் வர நேரமாகும் என்பதால் கேள்வியையும் பதிலையும் தானே பேசி அனுப்பிவிடுவாள்.

“என்னங்க, ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கீக. டூட்டின்னு சொல்வீக. டூட்டி இல்லன்னு எனக்குத் தெரியும். கழுத மேய்க்கிறதுக்கா அம்புட்டுத் தூரம் போனீக? எங்கண்ணன் பேரை ஒரு கழுதைக்கு வச்சிருக்கீகளாம்ல? ‘அப்படியெல்லாம் இல்ல கனி’ன்னு சொல்லப் போறீக. கேட்டாச்சு. வச்சிருதேன்.”

பாராப் பட்டியலை எழுதுவது வியூகன் என்றாலும் மனிதர் ஒருவர் அதில் கையொப்பமிட வேண்டும். அந்த மனிதர் பவுன்ராஜ். வேண்டுமானால் ‘மனிதத் திருத்தம்’ செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த யாரும் அதைத் தொட்டதில்லை. தொட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதைவிடக் கையொப்பமிடுவது சுலபம்.

பவுன்ராஜ் துணிந்து தொட்டார். நாலு பேரை ஒரே மாலையில் விடுவிப்பது பார்ப்பதற்குத்தான் சின்னக் காரியம். ஒருவரை நகர்த்தினால் இன்னொருவர் இடித்தார். அவர்கள் வேலையைப் பார்க்க ஆள் வேண்டுமே, கடைசியில் கிழக்குமேட்டு ஒப்புநர் வரிசையையே கலைத்து அடுக்க வேண்டியதாயிற்று. சண்டை இல்லாத நேரத்திலும் காவலுக்குச் சில விரல்கள் இருந்தாக வேண்டும். ஞாயிறு மாலை அங்கே ஒப்புவதற்கு ஒரு விரல்கூட இல்லை; செவ்வாய்க்கிழமை காலை விரல் வைக்க இடமில்லாத நெரிசல். விரல் இல்லாத இடத்தில் துருப்பன்கள் வெறும் இரும்பு. படையின் வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போகிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு மாலைதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். வியூகன் காரணம் கேட்டது. “உள்ளூர் நிலவரம்” என்றார். அரசாங்கத்தில் எந்தக் கேள்விக்கும் பொருந்தும் பதில் அது. இயந்திரமும் அதை ஏற்றுக்கொண்டது.

ஞாயிறு மாலை சமையல்கட்டுச் சாமான் அறையில், மாவுப் பெட்டியின்மேல் பலகையை விரித்தார்கள். நாலு பேரும் வந்திருந்தார்கள். நைனாகூட.

“கணவாய் வாசல்ல பாறை சரிஞ்சு கெடக்கு,” என்றாள் செல்லக்கிளி, குரலைத் தாழ்த்தி. “மேல யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. என்ன செய்யப் போறீங்க?”

“ஒரு மூட்டை மொளகை அவுத்துக் காத்துல விட்டா, தும்மிக்கிட்டே கெடப்பானுங்க,” என்றார் நைனா.

“பாய், அது விக்கிற சரக்கு,” என்றாள் மெர்சி. “நான் மேல ஏறிப் பேசிப் பாக்கறேன். எனக்குத் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும்.”

“நீங்க பேசப் போனா அவங்க பக்கம் நின்னுருவீங்க டாக்டரம்மா. நான் கழுதைகளை ஓரமா ஓட்டிருதேன்,” என்றார் பவுன்ராஜ்.

“அப்ப உருட்டுங்கண்ணே.”

பவுன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். மைத்துனர் பெயர்கொண்ட கழுதை பள்ளத்தில் விழுந்தது. எல்லாரும் உண்மையாகவே வருந்தினார்கள், பவுன்ராஜ் கொஞ்சம் குறைவாக. ஆனால் மற்ற கழுதைகள் ஏறிவிட்டன. கணவாயின் உச்சிக்கு வந்து நின்றபோது, தூரத்தில், கீழ்வானத்தில் நூல் போலக் கடல் தெரிகிறது என்றாள் செல்லக்கிளி. பவுன்ராஜ் மீதிக் கழுதைகளை ஒவ்வொன்றாகக் கடலைப் பார்க்கத் திருப்பிவைத்தார். இன்னும் ஒரே ஒரு மாலை கிடைத்தால் போதும், இறங்கிப் போய்விடலாம்.

மறுநாள் காலை கர்னல் வேதரத்தினம் அவரை அழைத்தார்.

“உக்காருங்க பவுன்ராஜ்.”

ஹவில்தாரைக் கர்னல் உட்காரச் சொல்வது வழக்கமில்லை. பவுன்ராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“டைட்டன்காரன் கிழக்குமேட்டுக்கு அந்தப் பக்கத்தைக் காலி பண்ணிட்டுப் பின்னால போயிட்டான். தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அவன் பொறிக்கு நம்ம ஞாயித்துக்கிழமை புரியல. கதவு தெறந்து கெடக்கு. எதுக்குத் தெறந்து வச்சிருக்கானுங்க? ராத்திரி பூரா கணக்குப் போட்டிருக்கு, ஒரு கணக்குலயும் வரல. புரியாத எடத்துல நிக்கறது ஆபத்துன்னு கெளம்பிருச்சு. ஒரு தலைமுறையா நம்மால அசைக்க முடியாதவன் சார் அவன்!” பரவசத்தில் கர்னலே ஹவில்தாரை சார் என்றுவிட்டார். “எப்படி யோசிச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

பவுன்ராஜ் பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. அன்றைக்குப் பயத்தில் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. “விளையாடறதுக்காகத்தான் சார்,” என்று ஆரம்பித்து, மிளகு, கழுதை, கணவாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கர்னல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“நல்லது. இனிமே இது ராணுவ ரகசியம்.”

தலைமையகத்தின் விஞ்ஞானிகள் விஷயத்தை அலசி ஆராய்ந்து சரியான முடிவுக்குத்தான் வந்தார்கள். மனிதர்கள் ஆசைப்பட்டுச் செய்யும் வீண்வேலையை எந்தப் பொறியாலும் கணிக்க முடியாது என்று கண்டுபிடித்தார்கள். இவ்வளவு பெரிய உண்மை கையில் கிடைத்ததும் தலைமையகம் என்ன செய்யும்? எல்லாரும் ஆசைப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டது.

ஞாயிறு மாலை பெருவழி ஆடுவது கலிஸ்டோ படை முழுவதற்கும் கட்டாயமானது. தொப்பி, பெல்ட், பூட்ஸுடன் வர வேண்டும். ஆர்வத்துடன் ஆட வேண்டும். ஆர்வத்தை அளக்க மேசைக்கு ஒரு மேற்பார்வையாளர். பூமியிலிருந்து பெட்டி பெட்டியாக அரசாங்கக் கழுதைகள் வந்து இறங்கின, எல்லாம் ஒரே உயரம், ஒரே பழுப்பு, முதுகில் எண். பெயர் வைப்பது தடை. நடத்துநர்கள் அங்கீகரிக்கப்பட்ட கதையை மட்டும் வாசிக்க வேண்டும். மேலதிகாரியைவிட அதிகமாகத் தாயம் உருட்டக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் உருட்டியவர்களுக்கு அடுத்த வாரம் கழிவறைப் பாரா விழுந்தது. மிளகைக் காற்றில் விடலாமா என்று பழக்கதோஷத்தில் கேட்ட நைனாவிடம், அரசாங்கச் சரக்கை வீணாக்க முயன்றதற்கு விளக்கம் கேட்டார்கள். எங்கோ ஒரு மேசையில் ஒரு கழுதை ஆற்றோடு போனதற்கு மூன்று அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. கழுதையின் மீது தவறில்லை என்று அது தீர்ப்பளித்தது.

பவுன்ராஜை விட்டுவிடுவார்களா? சுபேதார் ஆக்கி, விளையாட்டுப் பிரிவின் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். இப்பேர்ப்பட்டவர் படைக்குத் தேவை என்று ஊர் திரும்பும் உத்தரவையும் ரத்து செய்தார்கள். சரக்குக் கப்பல் வந்தது, போனது. கழுதைகளைக் கரை சேர்க்க இனி எவ்வளவு மாலை வேண்டுமானாலும் உண்டு.

“சுபேதார் ஆயிட்டீகளாமே,” என்றது சாத்தூர்க் குரல். “கழுதைகளுக்கு எப்ப பிரமோஷன்? ‘வந்துருவேன் கனி’ன்னு சொல்லப் போறீக. கேட்டாச்சு.” இந்த முறை கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பவுன்ராஜ் அதை இரண்டாம் தடவை கேட்கவில்லை.

காலாண்டு முடிவதற்குள் எல்லாக் கூட்டங்களும் துறைமுகம் சேர வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். காலாண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, மற்ற மேசைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பவுன்ராஜின் கூட்டம் இன்னும் உச்சியில்தான் நின்றுகொண்டிருந்தது, அதே கடலைப் பார்த்தபடி. செல்லக்கிளி எழுந்து நின்று தலைமையக உத்தரவை வாசித்தாள்: ‘அனைத்து வணிகக் கூட்டங்களும் இன்று மாலை துறைமுகம் சேர்ந்துவிட்டதாகக் கருதப்படும்.’ மேற்பார்வையாளர் தலையசைத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மெர்சி பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. பவுன்ராஜுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷம் நடந்த வழியின் கடைசி இறக்கத்தை அவரை நடக்க விடவில்லை. தொப்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யுத்தத்துக்கும் இதனால் பெரிய லாபம் இல்லை. டைட்டன் உளவாளிகள் சும்மா இருப்பார்களா? அங்கேயும் ஞாயிறு மாலைகளில் கட்டாயக் கழுதை வந்தது. உத்தரவு போட்டு நடக்கும் விளையாட்டைக் கணிப்பது பொறிகளுக்குச் சிரமமாகவும் இல்லை. எல்லைக்கோடு பழைய இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது. ஆனாலும் விளையாட்டுப் பிரிவைக் கலைக்கவில்லை. அதற்குள் அதில் இரண்டு பிரிகேடியர்கள் இருந்தார்கள்.

பிறகு ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். ஞாயிறு மாலையானால் சிலருக்குத் தலைவலி வந்தது. சான்று கொடுத்தவர் கேப்டன் மெர்சி, மெர்சிக்கும் தலைவலி. நைனாவுக்கு இடுப்பு, செல்லக்கிளிக்குக் கண். ஓடி ஒளிந்தவர்களைப் பிடித்துக்கொண்டு வருவது தலைமைப் பயிற்சியாளரின் வேலை. பவுன்ராஜ் விண்ணுடையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பனியில் பூட்ஸ் தடங்கள் கிழக்குமேட்டை நோக்கிப் போயின.

மேட்டில், பாறைகளின் பின்னால், மூன்று பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். கையில் அணிவகுப்புக்கு மட்டும் எடுக்கும் பழைய துப்பாக்கிகள்.

“என்ன செய்றீங்க இங்க?” என்றார் தலைக்கவச ஒலிவாங்கியில்.

“பாரா அண்ணே,” என்றாள் செல்லக்கிளி. கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கம் குரலில் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

“யார் போட்ட பாரா?”

“யாரும் போடல. நாங்களாத்தான் வந்தோம்.”

நைனா எதிர்மேட்டைக் காட்டினார். அங்கேயும் பாறைகளுக்குப் பின்னால் நாலைந்து தலைக்கவசங்கள். “டைட்டன்காரங்க. அவங்களுக்கும் கழுதை கட்டாயமாயிருச்சு, பாவம், தப்பிச்சு வந்திருக்காங்க. நல்ல மனுசங்க. போன மாசம் டார்ச் அடிச்சுப் பேச ஆரம்பிச்சோம். ஒரு குண்டு நாங்க, ஒரு குண்டு அவங்க. மேட்டுல காலி டப்பா வச்சுச் சுடறது. பொறி கெடையாது, துருப்பன் கெடையாது. நம்மளே பாத்து, நம்மளே சுடறது.”

“சுட்டா துப்பாக்கி தோள்ல வந்து இடிக்குது பாருங்க பவுன்ராஜ், எனக்குத் தோள்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது,” என்றாள் மெர்சி.

“டப்பாவோட சரி. இல்லையா?” என்றார் பவுன்ராஜ்.

செல்லக்கிளி துப்பாக்கியில் படிந்த பனியைத் துடைத்தாள்.

“டப்பா சலிச்சுப்போச்சுண்ணே,” என்றாள் செல்லக்கிளி. “ரெண்டு பக்கமும் அதையேதான் சொன்னாங்க. பேசி ஒரு முடிவு பண்ணியிருக்கோம். இன்னியிலேருந்து ஆளு. ஒரு பக்கம் சுடுறப்ப எதிர்ப்பக்கத்துலேருந்து ஒருத்தர் எழுந்து நிக்கணும். அப்பத்தான் சுவாரசியமா இருக்கும்.”

“டாக்டரம்மா, நீங்களுமா?”

“நான்தான் சொன்னேன். வந்ததுலேருந்து தலைவலி மாத்திரை தவிர நான் யாருக்கும் எதுவும் குடுத்ததில்ல.”

சுபேதார் பவுன்ராஜ் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. வியூகனுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், துருப்பன்கள் வந்து மூன்று பேரையும் அலுங்காமல் தூக்கிக்கொண்டுபோய் மேசைமுன் உட்கார வைத்துவிடும். அவர் ஒலிவாங்கியின் பொத்தான்வரை கையைக் கொண்டுபோனார். அப்போது தலைக்கவசக் கண்ணாடிக்குள் மூன்று முகங்களையும் பார்த்தார். மாவுப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த அந்த மாலைக்குப் பிறகு அவர்கள் முகம் இப்படி இருந்து அவர் பார்த்ததில்லை. நாலு பேரும் ஒரே இடத்தில், ஒரே மாலையில், எவர் உத்தரவும் இல்லாமல். நைனாகூட வந்திருக்கிறார்.

“உங்களுக்கும் ஒரு துப்பாக்கி எடுத்தாந்து வச்சிருக்கோம்,” என்றார் நைனா. “கட்டாயம் ஒண்ணும் இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தைக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. பனியில் குப்புறப் படுத்தார். முழங்கைக்குத் தோதாக ஒரு கல்லை நகர்த்திவைத்தார். மனது லேசாகி, பழைய பவுன்ராஜாகவே ஆகிவிட்டார்.

“முதல் குண்டு நம்மளோடது,” என்றாள் செல்லக்கிளி. “நீங்களே ஆரம்பிங்கண்ணே.”

எதிர்மேட்டில் ஒருவர் எழுந்து நின்று, தயார் என்பதற்கு அடையாளமாக மரியாதையாகக் கையை அசைத்தார். குட்டையான ஆள், கொஞ்சம் தொப்பை. அவர் பெயர் என்ன என்று கேட்கலாமா என்று பவுன்ராஜுக்குத் தோன்றியது. அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒற்றைக் கண்ணை மூடினார்.